குழந்தையும் கதையும் நிலமும்

பாடசாலைக்குச் செல்லும் வயதை எட்டிய சிறுவன் ஒருவன் பாடசாலைக்குப் போக அஞ்சுகின்றான். அவன் சோம்பலுள்ளவன் அல்லன். மந்தபுத்தி படைத்தவனும் அல்லன். அங்கே தனக்குரிய கதைகள் இல்லை என்பதே அவனது முறைப்பாடு. அவனை வற்புறுத்தி அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று தடுமாறும் தாய், ஈற்றில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கின்றாள். அந்தத் தீர்மானத்தினால் மகனின் வாழ்க்கையோடு தாயின் வாழ்க்கையும் மாறிவிடுகின்றது. நியூசிலாந்தின் மாவோரி எழுத்தாளரான பற்றீசியா கிறேஸ் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பொத்திக்கி’ என்னும் நாவலிலே மானு என்ற சிறுவனைப் பற்றி வரும் பகுதி இது.

ஆசிரியர்களாகவும் ஆசிரியர்களாக வரவிருப்பவர்களாகவும் உள்ள நாம் இப்பகுதியை வாசிக்கும்போது சங்கடப்படாதிருக்க முடியாது. நமது வரவு இடாப்பிலே அத்தகைய பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்ற ஒரேயொரு குறிதான் உண்டு. ஏன் வரவில்லை என்ற வினாவை நாம் பெற்றோரிடம் கேட்கின்றோம், பாடசாலையிடம் கேட்பதில்லை. கிறேஸ் அதனைப் பாடசாலையிடம் கேட்கின்றார். ஆதிக்குடி மக்களின் இளங் குழந்தைகளுடைய நல்வாழ்வுக்கும் வளர்ச்சிக்கும் அவர்தம் மொழியும் பண்பாடும் எவ்வாறு ஆதாரமாகின்றன, அவ்வாதாரம் எவ்வாறு தகர்க்கப்பட்டது, எவரால் மீட்கப்பட்டது என்பனவற்றை அவரது எழுத்துக்களைத் துணையாகக்கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

இலக்கியத்தை அது பிறந்த சமுதாயத்திலிருந்து பிரித்து நோக்குதல் நமக்கு உடன்பாடன்று. 1840ஆம் ஆண்டில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரித்தானிய முடிக்குமிடையே வைத்தாங்கி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் பின்னர் போராலும் பறிமுதலாலும் விலைக்கு வாங்கும் தந்திரங்களாலும் மாவோரி நிலத்தின் மிகப் பெரும்பகுதி குடியேறியோர் கைக்கு மாறியது. நிலத்தைக் கைப்பற்றியவர்களுக்கு அடுத்த தலைமுறையின் நாவும் தேவைப்பட்டது. 1867ஆம் ஆண்டின் சுதேசப் பாடசாலைச் சட்டம் மாவோரிக் கிராமங்களிற் பாடசாலைகள் அமைய வழிசெய்தது. ஆங்கிலமே போதனாமொழி என்பது அதன் அடிப்படை. பாடசாலைக்கான நிலத்தைக் கிராமத்தவரே வழங்கினர். தம் மக்கள் புதிய உலகின் அறிவைப் பெறவேண்டுமென்ற ஆவல் அவர்களுக்கு இருந்தது. ஆனால், அந்தப் பாடசாலைகளிலே தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கியதைப் பல முதியோர் பிற்காலத்திற் சாட்சியமாகக் கூறினர். பிள்ளை அடிபடாதிருக்கட்டும், உத்தியோகம் பெறட்டும் என்று எண்ணிய பெற்றோர் வீட்டிலும் தம் மொழியை அடக்கிக்கொண்டனர். விளைவு யாது? 1913இல் மாவோரிப் பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் தம் மொழியைப் பேசினர். 1953இல் அத்தொகை 26 ஆயிற்று. 1975இல் 5இலும் குறைந்தது.

பாடசாலை தொடங்கிய வேலையை நகரம் தொடர்ந்து செய்தது. 1945இல் மாவோரி மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தனர். 1986 அளவில் ஐந்தில் நான்கு பங்கினர் நகரவாசிகளாகிவிட்டனர். தொழிற்சாலைகளுக்கும் இறைச்சி பதனிடும் ஆலைகளுக்கும் மலிவான உழைப்பு வேண்டியிருந்தது. நிலமிழந்த கிராமம் அதனை அளித்தது. நகரத்திலே மாவோரிக் குடும்பங்கள் வெள்ளையரின் வீடுகளுக்கிடையே சிதறக் குடியமர்த்தப்பட்டன. பாட்டனும் பாட்டியும் கிராமத்திலே. தாயும் தந்தையும் ஆலையிலே. பிள்ளையோ ஆங்கிலம் மட்டும் ஒலிக்கும் தெருவிலே. ஒரு மொழி தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கைமாறுவது அடுக்களையிலும் உறங்கும் பாயிலுந்தான். அவ்விடங்களிலிருந்து முதியோர் அகற்றப்பட்டபோது மொழியும் அகன்றது. எனவே, மாவோரி மக்கள் தம் மொழியில் அக்கறையற்றவராயினர் என்று சிலர் கூறுவது, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வீட்டுக்காரனின் கவனக்குறைவைக் கண்டிப்பது போன்றதாகும்.

இச்சூழ்நிலையிலும் மனச்சாட்சியுள்ள ஆசிரியர்கள் இல்லாமலில்லை. சில்வியா அஷ்ரன் வோர்னர் அவர்களுள் ஒருவர். மாவோரிப் பாலர்க்குக் கற்பித்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் நூல் 1963இல் வெளியாயிற்று. அக்காலத்து நியூசிலாந்துப் பாலர் வகுப்புக்களில் ‘ஜனெற்றும் ஜோனும்’ என்ற வாசிப்புப் புத்தகங்கள் வழங்கின. அழுக்கும் சண்டையும் சாவும் இல்லாத நடுத்தர வர்க்க உலகம் அவற்றிலே காட்டப்பட்டது. அஷ்ரன் வோர்னர் அவற்றில் நிறைவு காணாது, ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் உள்ளத்திற் கிடக்கும் சொல்லைக் கேட்டு, அச்சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிற் கொடுத்தார். அம்மா, அப்பா, பேய், முத்தம், பயம் போன்ற சொற்கள் அவ்வாறு வெளிவந்தன. புத்தகத்துச் சொல்லை நாட்கணக்காகக் கற்றும் மறந்துபோன பிள்ளை, தன் அச்சத்தின் பெயரை ஒரே பார்வையில் வாசித்தது. எழுத்தறிவு பிள்ளையின் வாழ்விலிருந்தே முளைக்கவேண்டும் என்ற இந்த உண்மை, உலகெங்குமுள்ள பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு அவர் வழங்கிய கொடை எனலாம்.

எனினும், அந்நூலை இன்று விமரிசன நோக்கோடு வாசிக்கும் நாம் ஒன்றைக் காணாதிருக்க முடியாது. அவர் பிள்ளையின் சொந்தச் சொல்லைத் தேடினார். அச்சொல்லை எழுதிக் கொடுத்த மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. மாவோரிப் பண்பாட்டிலிருந்து ஐரோப்பியப் பண்பாட்டிற்குச் செல்லும் பாலமாகவே அவர் தமது முறையைக் கருதினார். பாலம் நல்லதுதான். ஆனால், அப்பாலத்திலே பிள்ளைகள் ஒரு திசையில் மட்டுமே நடந்தார்கள். மறுகரைக்குச் சென்ற பிள்ளை திரும்பி வந்து தன் பாட்டியோடு பேசுவதற்கு வழியிருக்கவில்லை. தனிமனிதரான ஓர் ஆசிரியரின் அன்பு, ஓர் அமைப்பு இழைத்த அநீதியை ஈடுசெய்யப் போதாது என்பதற்கு இந்நூல் சான்றாகும். இதனை அவர்மேற் குற்றமாகச் சுமத்துவது நமது நோக்கமன்று. அவர் காலத்தின் எல்லையே அதுவாக இருந்தது.

அந்த எல்லையைக் கடந்தவர்கள் மாவோரி எழுத்தாளர்களே. 1937இற் பிறந்த பற்றீசியா கிறேஸும் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். 1975இல் வெளிவந்த அவரது ‘வைஆரிக்கி’, மாவோரிப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதலாவது சிறுகதைத் தொகுதியாகும். 1981இல் ஓவியர் ரொபின் கஹூக்கிவாவோடு சேர்ந்து குழந்தைகளுக்கென ஒரு நூலைப் படைத்தார். நெசவிலே யார் வல்லவர் என்று மூதாட்டியொருத்தியும் சிலந்தியொன்றும் வாதிடுவதே அதன் கதை. மூதாட்டி பின்னும் பாய்கள் அவளது பேரப்பிள்ளைகளுக்கானவை. நூல் ஆங்கிலத்தில் மட்டுமன்றி மாவோரி மொழியிலும் வெளிவந்தது. சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால், தன் பாட்டி போன்ற ஒருத்தியைத் தன் மொழியில் அச்செழுத்திலே முதன்முறையாகக் காணும் பிள்ளைக்கு அது சிறிய விடயமன்று.

நூல்களும் ஆபத்தானவையாகலாம் என்று கிறேஸ் 1985இல் வாதித்தார். ஒரு மக்கட் கூட்டத்தின் விழுமியங்களுக்கு இடந்தராத நூல்கள், மற்றவர்களைப் பற்றி மட்டுமே பேசும் நூல்கள், நம்மைப் பற்றிப் பேசினும் பொய்யாகவோ இழிவாகவோ பேசும் நூல்கள் ஆகியன பிள்ளைக்கு ஊறு செய்கின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். நூலென்றால் அது நன்மையே செய்யும் என்று நம்பிப் பழகிய நமக்கு இது கசப்பான உண்மை. எழுத்தறிவித்தலைப் பணியாகக் கொண்டோர் எந்த எழுத்தை அறிவிக்கின்றோம் என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இப்பொழுது ‘பொத்திக்கி’க்குத் திரும்புவோம். மானுவை வீட்டில் வைத்துக்கொண்ட ரொயிமாத்தா அவனுக்குக் கதை சொல்கின்றாள். நாளடைவில் வீடே பாடசாலையாகின்றது. சொல்பவர் கேட்பவர் என்ற பேதமின்றி அக்குடும்பத்தில் எல்லோரும் கதை கூறுகின்றனர். ஊனமுற்ற உடலும் கூர்ந்த அறிவும் கொண்ட தோக்கோ என்ற வளர்ப்புப் பிள்ளை, நிகழவிருப்பதையும் தன் கதையாகச் சொல்கின்றான். பிள்ளை வளர்ச்சி என்பது அறிவை உள்ளே ஊற்றுதல் என்ற கொள்கைக்கு நேரெதிரான காட்சி இது. தன்னைச் சூழ்ந்தவர்கள் யார், தான் யாருடைய தொடர்ச்சி, இறந்தவர் எங்கே இருக்கின்றனர், கடலும் தோட்டமும் தனக்கு என்ன முறை என்பவற்றையெல்லாம் பிள்ளை கதைவழியே அறிகின்றது. தோக்கோவின் ஊனத்தை அச்சமூகம் குறைபாடாகக் கருதி ஒதுக்காமைக்கும் இதுவே காரணம்: கதைக்குள்ளே அவனுக்கு ஓர் இடமிருக்கின்றது.

மானுவின் கதை ஒரு தாயின் தனிப்பட்ட தீர்வாக மட்டும் நின்றிருப்பின் நாவலை நாம் குறைகூற நேர்ந்திருக்கும். எல்லாத் தாய்மாராலும் அவ்வாறு வீட்டிலிருக்க இயலுமா என்ற கேள்வி நியாயமானது. கிறேஸ் அதனை உணர்ந்தே, மானுவின் கதையை நிலத்தின் கதையோடு பிணைத்துள்ளார். ஹேமி வேலையிழந்து நிலத்தைப் பயிரிடத் திரும்புகின்றான். கடலோரக் காணியை உல்லாசத் தலமாக்க விரும்பும் முதலாளி பணத்தோடு வருகின்றான். மறுக்கப்பட்டபோது வெள்ளமும் தீயும் பின்தொடர்கின்றன. எரிந்த மூதாதையர் மண்டபத்தைக் கிராமம் மீண்டும் கட்டியெழுப்புகின்றது. ஈற்றில் தோக்கோவின் உயிரே பலியாகின்றது. நாவல் வெளிவந்தபோது அதன் அரசியலைச் சிலர் குறைபட்டனர். பிள்ளைக்குக் கதை சொல்வதற்கும் ஒரு திண்ணை வேண்டும், திண்ணைக்கு ஒரு நிலம் வேண்டும் என்று காட்டுவது அரசியலாயின், அந்த அரசியலின்றி இந்நாவல் இல்லை. இறுதிப் பகுதி மாவோரி மொழியிலேயே, மொழிபெயர்ப்பின்றி முடிகின்றது. சொற்பட்டியலும் இணைக்கப்படவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் அவ்விடத்தில் நின்று தடுமாறுகின்றார். பாடசாலை வாசலிலே மானு எவ்வாறு நின்றிருப்பான் என்பதை அவர் அப்பொழுதுதான் அனுபவத்தில் அறிகின்றார். நாவலின் உச்சமான கலைவெற்றி இதுவென்பது நமது கருத்து.

நாவல் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் மாவோரி மக்கள் கதைக்கு வெளியேயும் விடை தேடினர். 1972இல் பாடசாலைகளில் மாவோரி மொழி கற்பிக்கப்படவேண்டுமென்று கோரி 30,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு நாடாளுமன்றத்திற் கையளிக்கப்பட்டது. 1970களில் நடந்த ஆய்வுகள் மொழி மறையும் நிலையிலிருந்ததை வெளிப்படுத்தின. சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. அவர்கள் மறைந்தால் மொழியும் மறையும் என்ற நிலையில், முதியோரையும் கைக்குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தும் எண்ணம் பிறந்தது. 1982இல் வெலிங்ரனுக்கு அண்மையிலுள்ள வைநூயியோமாத்தாவில் முதலாவது ‘கோஹங்கா ரெயோ’ திறக்கப்பட்டது. மொழிக் கூடு என்பது அதன் பொருள். 1993 அளவில் 800க்கு மேற்பட்ட கூடுகளில் 14,000க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். மொழிக் கூட்டில் வளர்ந்த பிள்ளை ஐந்து வயதில் ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்று மொழியை இழந்துவிடாதிருக்க, 1985இல் ஓக்லாந்தில் முதலாவது மாவோரிமொழித் தொடக்கப் பாடசாலை உருவாயிற்று. 1987இல் மாவோரி அரசகரும மொழியாயிற்று. கேட்டுப் பெற்ற சலுகைகளல்ல இவை. கோவிலறைகளிலும் பழைய கொட்டகைகளிலும் ஊதியமின்றி உழைத்த பெண்கள் வென்றெடுத்தவை.

மொழிக் கூடு குழந்தைக்கு என்ன செய்கின்றது? அங்கு மாவோரி மொழி மட்டுமே பேசப்படுகின்றது. நிருவாகமும் தீர்மானமும் குடும்பங்களின் கையிலேயே உள்ளன. குழந்தையினதும் குடும்பத்தினதும் உடல்நலமும் நல்வாழ்வும் அதன் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாகும். மொழி கற்பித்தலும் நல்வாழ்வும் வேறு வேறு அலுவலகங்களின் வேலைகளாக அங்கே பிரிக்கப்படவில்லை. ஏன் பிரிக்க முடியாதென்பதை மொழியே சொல்லும். மாவோரியிலே ‘ஃபெனுவா’ என்ற சொல் நிலத்தையும் குறிக்கும். கருவிலே குழந்தையைப் போஷித்த நச்சுக்கொடியையும் குறிக்கும். நச்சுக்கொடியை மூதாதையர் நிலத்திலே புதைப்பது அவர்கள் வழக்கம். ‘ஹப்பூ’ என்பது குலக்கிளையையும் கருவுற்றிருத்தலையும் குறிக்கும். இச்சொற்களைத் தாய்ப்பாலோடு பெறும் பிள்ளைக்குத் தான் எங்குரியவன் என்பதை எவரும் பாடமாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் வளரும் பிள்ளைக்கு நிலம் வேறு, குடும்பம் வேறு, தன் உடல் வேறு. 1996இல் நியூசிலாந்து வெளியிட்ட முன்பள்ளிப் பாடத்திட்டத்துக்குப் ‘பாய்’ என்று பொருள்படும் மாவோரிப் பெயரே சூட்டப்பட்டது. நல்வாழ்வு, உரிமையுணர்வு, பங்களிப்பு, தொடர்பாடல், தேடல் என்பன அதிற் பின்னப்பட்ட இழைகள். ஆதிக்குடி மக்களின் சிந்தனை நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்பட்டதற்கு இது எடுத்துக்காட்டு.

இவ்வுண்மையை வேறொரு நாட்டின் துயர அனுபவமும் உறுதிசெய்கின்றது. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 ஆதிக்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டதை 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை பதிவுசெய்தது. அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மைக்கல் சாண்ட்லரும் கிறிஸ்ரோபர் லலோண்டும் ஏறத்தாழ 200 ஆதிக்குடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். இளைஞர் தற்கொலை எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் இருக்கவில்லை. தன்னாட்சி, நிலவுரிமைப் போராட்டம், கல்வியிலும் சுகாதாரத்திலும் சொந்தக் கட்டுப்பாடு, பண்பாட்டு நிலையங்கள் ஆகியவை உள்ள சமூகங்களில் அது மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தது. பெரும்பான்மையினர் தம் மொழியைப் பேசும் சமூகங்களிலும் அவ்வாறே இருந்ததை 2007இல் வெளியான அடுத்த ஆய்வு காட்டிற்று. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவன யாவும் காரணகாரியங்களல்ல என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், அந்தப் பட்டியலை உற்று நோக்குவோருக்கு ஒன்று புலப்படும்: மொழியும் பண்பாடும் அங்கே நிலத்தோடும் அதிகாரத்தோடும் சேர்ந்தே நிற்கின்றன.

நமது அணியிலுள்ள நண்பர்கள் சிலர் ஐயமொன்றை எழுப்பலாம். பழைய பண்பாட்டைப் பேணுவது பழைமைக்குத் திரும்புதலாகாதா? தொழிலாளியின் பிள்ளைக்கு உலகமொழியல்லவா சோறு போடும்? இரண்டு வினாக்களும் பொறுப்புடன் விடையளிக்கப்படவேண்டியவை. மொழிக் கூடு ஆங்கிலத்தைப் பகைக்கவில்லை. அந்நாட்டுப் பிள்ளை ஆங்கிலத்தைத் தெருவிலும் தொலைக்காட்சியிலும் எப்படியும் கற்றுவிடுகின்றது. தாய்மொழியே சிறந்த தொடக்கப் போதனாமொழி என்று யுனெஸ்கோ 1953இலேயே எடுத்துரைத்துவிட்டது. பழைமைவாதம் பற்றிய ஐயத்திற்கோ நடைமுறையே பதில். நகரத் தொழிலாளர் குடியிருப்புக்களில், வேலைக்குச் செல்லும் தாய்மாருக்காக, பெண்களின் தலைமையில், குடும்பங்களின் சனநாயக நிருவாகத்தோடு எழுந்த நிறுவனம் பழைமைக்குத் திரும்பியதென்று எவ்வாறு கூறுவது? அது பழைய வித்தைப் புதிய நிலத்தில் ஊன்றிய முயற்சி.

மெய்யான ஆபத்து வேறோரிடத்தில் இருக்கின்றது. ஆட்சியாளர் பண்பாட்டை ஆடலும் பாடலுமாகச் சுருக்கி மேடையேற்ற ஆயத்தமாயிருப்பர். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாயிருப்பதில்லை. 1990இல் மொழிக் கூடுகள் கல்வி அமைச்சின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டன. குடும்பங்கள் நடத்திய இயக்கத்தை ஏனைய முன்பள்ளிகளுக்கு வகுத்த அளவுகோலால் அளந்தனர். நிதியும் அவ்வாறே பகிரப்பட்டது. கூடுகளின் தொகை குறைந்து, அண்மைக் காலத்தில் அன்றிருந்ததன் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. அரசு தன் கடமையிற் தவறியதென்று வைத்தாங்கி விசாரணை மன்று 2012இல் தீர்ப்புக் கூறிற்று. ஆதிக்குடி மக்கள் தம் மொழியிலே தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை ஐக்கிய நாடுகள் சபை 2007இற் பிரகடனஞ் செய்தபோது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. 2010இலேயே அது தன் நிலையை மாற்றிக்கொண்டது.

தொலைதூரத் தீவொன்றின் செய்தியாக இதனை வாசித்துவிட்டு ஏட்டை மூடிவிட நமக்கு உரிமையில்லை. நமது நாட்டிலும் ஆதிக்குடி மக்கள் உளர். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டபோது வேடர் சமூகத்தின் காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட காடாயிற்று. அவர்களது மொழியை இன்று பேசுவோர் மிகச் சிலரே. கிழக்குக் கரையோரத்தில் மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களில் வாழும் வேடர் தமிழையே பேசுகின்றனர். அவர்தம் பிள்ளைகள் நமது தமிழ்மொழிப் பாடசாலைகளிலேயே நம் முன் அமர்ந்திருக்கின்றனர். தாய்மொழி உரிமைக்காக நெடுங்காலம் குரலெழுப்பிய நாம், அப்பிள்ளையின் கையிலே அவனுடைய மூதாதையரின் கதைகள் எத்தனையைக் கொடுத்திருக்கின்றோம்? அவனது பாட்டியை வகுப்பறைக்கு அழைத்து ஒருநாளாவது கதை சொல்லச் சொன்னோமா? நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காணும் கண், நாம் இழைக்கும் அநீதியையும் காணவேண்டும். அன்றேல் நமது மொழிப்பற்று வெறும் தன்னலமாகிவிடும்.

மானு பாடசாலைக்கு வர மறுத்தது கல்வியை வெறுத்தமையாலன்று. தன்னைக் காணாத கண்களுக்கு முன்னால் நிற்க அவன் அஞ்சினான். அவ்வச்சத்தைப் போக்கும் ஆற்றல் ஓர் ஆசிரியரின் கனிவில் ஓரளவு உண்டு. நல்ல நூலொன்றில் மேலும் ஓரளவு உண்டு. தம் குழந்தைகளின் கல்வியைத் தம் கையிலே எடுத்துக்கொள்ளும் மக்களிடம் முழுமையாக உண்டு. நாளைக் காலை இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கும்போது, எந்தப் பிள்ளையின் கதை நம் வகுப்பறையில் இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. நமது வேலை அவ்விடத்திலிருந்து தொடங்கவேண்டும்.